தீவு மட்டும் போதுமா? – பறக்காத ஒரு கிளியின் நூறாண்டுக் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன் தரம் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்டி வாவிக்கரையில் நடந்தோம். வாவியின் வரலாற்றை வகுப்பில் சொல்வதை விட அந்தக் கரையில் நின்று சொன்னால் மனதில் பதியும் என்ற எண்ணம்தான். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல் நிலத்தை மறித்து இந்த வாவியை அமைத்த கதை, அதனால் ஏற்பட்ட மனக்கசப்புகள், பின்னர் நடுத்தீவைப் பிரித்தானியர் வெடிமருந்துக் களஞ்சியமாகப் பயன்படுத்தியது என்றெல்லாம் சொல்லி வந்தோம். பிள்ளைகளின் கண் வரலாற்றில் இல்லை. தீவின் மரங்களில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்களில் இருந்தது.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பறக்கத் தெரியாத ஒரு பெரிய பச்சைக் கிளி இருக்காம். உம்மாட போன்ல வீடியோ பார்த்தேன். பூனை பிடிக்குது என்று அதையெல்லாம் தீவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்காங்களாம். இந்தத் தீவிலயும் அப்படி விட்டா பூனைக்குப் போக ஏலாதே?"

நாம் பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற பையன் தண்ணீரைக் காட்டினான். "அங்க பாருங்க சேர்." ஒரு கபரகொய்யா தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிதானமாகத் தீவை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தப் பையன் விளையாட்டாகக் காட்டியதுதான் 1900ஆம் ஆண்டில் உலகின் மறுகோடியில் ஒரு மனிதனின் ஆறு வருட உழைப்பை அழித்தது. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அடுத்த நாள் வகுப்பில் சொன்னோம். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

அந்தக் கிளியின் பெயர் காகாப்போ. நியூசிலாந்தின் பூர்வீக மக்களான மாவோரிகளின் மொழியில் 'காகா' என்றால் கிளி, 'போ' என்றால் இரவு. இரவுக்கிளி என்று நாம் வைத்துக்கொள்வோம். உலகிலுள்ள கிளிகளில் எடை கூடியது இதுதான். நன்கு வளர்ந்த ஆண் பறவை இரண்டு கிலோவைத் தாண்டும். சில நான்கு கிலோவரை வரும். பாசி படர்ந்தது போன்ற பச்சை நிறம். பகலில் ஒளிந்திருந்து இரவில் நடந்து இரை தேடும். மரம் ஏறும், ஆனால் பறக்காது.

ஏன் பறக்கவில்லை? நியூசிலாந்தில் மனிதர் கால் வைக்கும் வரை வௌவாலைத் தவிர வேறு தரைப் பாலூட்டி ஒன்றும் இருக்கவில்லை. பூனை இல்லை, நாய் இல்லை, எலிகூட இல்லை. அங்கே எதிரி என்றால் வானத்திலிருந்து பாயும் கழுகும் பருந்தும்தான். அவை கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை. ஆபத்து வந்தால் அசையாமல் நின்றுவிட்டாலே போதும், பச்சை இலைகளுக்குள் பச்சைப் பறவை தெரியாது. பல இலட்சம் ஆண்டுகள் அந்தத் தந்திரம் வேலை செய்தது. பறப்பதற்குத் தேவையும் இல்லாமல் போனது.

மூக்கால் மோப்பம் பிடிக்கும் மிருகத்துக்கு முன்னால் அதே தந்திரம் மரண வாசலாகிவிட்டது. காகாப்போவின் உடலில் இனிமையான ஒரு வாசனை உண்டு, மனிதருக்கே தெரியுமளவுக்கு. நாயும் பூனையும் அதைத் தூரத்திலேயே மோந்துவிடும். அருகில் வந்த பின்னும் அந்தப் பறவை அசையாமல் நிற்கும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. காகாப்போ ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடாது. ரீமு என்ற மரம் நிறையக் காய்க்கும் ஆண்டில் மட்டுமே இணை சேரும். அது இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஆண் பறவை தரையில் கிண்ணம் போல ஒரு குழி தோண்டி, அதில் அமர்ந்து நெஞ்சை ஊதி, இரவு முழுவதும் முரசு அதிர்வது போன்ற ஒலி எழுப்பும். அமைதியான இரவில் அது பல கிலோமீற்றர் தூரம் கேட்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. முட்டைகளை அடைகாப்பதும் குஞ்சுகளுக்கு இரை தேடுவதும் தாய் மட்டுமே. தாய் இரை தேடப் போகும்போது கூட்டில் காவல் யாரும் இல்லை.

சுமார் 13ஆம் நூற்றாண்டில் மாவோரிகள் வந்தார்கள். அவர்களோடு நாயும் ஒரு வகைப் பசிபிக் எலியும் வந்தன. பறவை குறையத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வந்தார்கள், பூனையும் கப்பல் எலியும் கூடவே வந்தன. ஆனால் பெரும் அழிவு வேறொன்றால் வந்தது. நமது மலைநாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது நன்றாகவே விளங்கும்.

பிரித்தானியர் போன இடமெல்லாம் உயிரினங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கண்டியைச் சுற்றிய காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பி இலைகளில் நோய் வந்தது. சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அதே காலத்தில் நியூசிலாந்தில் வேட்டைக்கும் இறைச்சிக்குமென்று கொண்டுவந்த முயல்கள் பெருகி, செம்மறி ஆடுகளின் புல்லையெல்லாம் தின்று தீர்த்தன. பண்ணையாளர்கள் கூக்குரலிட்டார்கள். முயலை ஒழிக்க 1880களில் இங்கிலாந்திலிருந்து ஃபெரட், ஸ்டோட், வீசல் என்ற பிராணிகளை இறக்குமதி செய்து அரசே அவிழ்த்துவிட்டது. நமது கீரிப்பிள்ளையைப் போல மெலிந்த உடலும் வேகமும் கொண்ட வேட்டைப் பிராணிகள் இவை. பறவைகளை அறிந்தவர்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். யாரும் கேட்கவில்லை.

நமது கீரிக்கும் இதே கதை உண்டு. 1872இல் கல்கத்தாவிலிருந்து கீரிகளைக் கொண்டுபோய் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் எலி பிடிக்க விட்டார்கள். அங்கிருந்து 1883இல் ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். எலி ஒழியவில்லை. தரையில் கூடுகட்டும் பறவைகள்தான் ஒழிந்துகொண்டு போயின. நம் முற்றத்தில் ஓடும் கீரி நம் முற்றத்தில் குற்றவாளி அல்ல. அதை அந்நிய தீவில் கொண்டுபோய் விட்ட கைதான் கேள்விக்குரியது.

நமது கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலேயே இதே இந்து சமுத்திரத்தின் மொரீசியஸ் தீவில் டோடோ என்ற பறக்காத பறவை இல்லாமல் போனது. 1662இல் கண்டதே பலரும் ஏற்கும் கடைசிப் பதிவு. அங்கும் மனிதரோடு வந்த எலி, பன்றி, குரங்கு எல்லாம் சேர்ந்து அதன் கூட்டை அழித்தன. டோடோவுக்கு யாரும் தீவு தேடவில்லை. காகாப்போவுக்கு ஒருவர் தேடினார்.

அவர் பெயர் ரிச்சர்ட் ஹென்றி. 1845இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறு வயதில் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய், பின்பு நியூசிலாந்தின் தெற்கே தே அனாவ் ஏரிக்கரையில் வாழ்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. காட்டு வேலை, படகு வேலை என்று பிழைத்தவர். ஆனால் பறவைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்து வைத்தவர். ஸ்டோட்கள் வந்த பின் காட்டில் பறவைகளின் ஒலி குறைந்துகொண்டே போவதை அவர் கண்ணாலும் காதாலும் கண்டறிந்தார்.

1891இல் நியூசிலாந்து அரசு தென்மேற்குக் கரையோரத்தில் டஸ்கி சவுண்ட் கடற்பகுதியிலுள்ள ரெசலூஷன் தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கியது. 1894இல் ரிச்சர்ட் ஹென்றியை அதன் காவலராக நியமித்தது. பறவைகளுக்காகத் தீவொன்றை ஒதுக்கி, சம்பளம் கொடுத்து ஒருவரை அங்கே குடியமர்த்தியது உலகிலேயே முன்மாதிரியான வேலைகளுள் ஒன்று.

அவர் பக்கத்திலிருந்த புறாத் தீவு என்ற சிறு தீவில் வீடு கட்டினார். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இடம். கடிக்கும் பூச்சிகள். கப்பல் எப்போதாவதுதான் வரும். ஓர் உதவியாளரும் ஒரு நாயும் அவருக்குத் துணை. பறவையை மோப்பம் பிடித்துக் காட்ட நாய் வேண்டும், ஆனால் கடித்துவிடக் கூடாது. அதனால் நாயின் வாயில் கூடு மாட்டி வேலைக்குப் பழக்கினார். பெருநிலத்தின் காட்டில் பறவைகளைத் தேடிப் பிடித்து, பெட்டிகளில் அடைத்து, படகில் ஏற்றி, அலையைக் கடந்து ரெசலூஷன் தீவில் விட்டார். ஒன்றல்ல இரண்டல்ல. ஆறு ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட காகாப்போக்களை இப்படிக் கொண்டு சேர்த்தார். கிவிப் பறவைகளும் இதில் சேர்த்தி.

அதோடு நிற்கவில்லை. பறவைகளின் ஒவ்வொரு பழக்கத்தையும் எழுதினார். ஒவ்வோர் ஆண்டும் அவை இனம் பெருக்குவதில்லை என்பதையும் அவதானித்தார். 1903இல் நியூசிலாந்தின் பறக்காத பறவைகளைப் பற்றி அவருடைய நூல் வெளிவந்தது.

ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

1900இல் உல்லாசப் பயணக் கப்பலில் வந்தவர்கள், கரையில் ஒரு சிறு பிராணி வெக்கா என்ற பறவையைத் துரத்துவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஹென்றிக்கு நெஞ்சம் திக்கென்றிருக்கும். அவர் தேடினார். பொறி வைத்தார். சில மாதங்களின் பின் ஸ்டோட்டைத் தன் கண்ணாலேயே கண்டார். ஸ்டோட் நன்றாக நீந்தும். ஒரு கிலோமீற்றருக்கும் மேல் கடலை நீந்திக் கடக்கவல்லது. ரெசலூஷன் தீவு கரைக்கு மிக அருகில் இருந்தது. இடையில் சில சிறு தீவுகளும் இருந்தன. கடல் நீர் வேலியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது வேலியாக இருக்கவில்லை.

சில ஆண்டுகளில் அந்தத் தீவின் காகாப்போக்கள் ஒழிந்தன. 1908இல் ஹென்றி அங்கிருந்து விலகி, கபிட்டி என்ற வேறொரு தீவின் காவலராகச் சென்றார். 1929இல் காலமானார். தன் உழைப்பு வீண் என்ற நினைப்போடுதான் கண்ணை மூடியிருப்பார் என்றே தோன்றுகிறது.

வகுப்பில் இந்த இடத்தில் நாம் நிறுத்தினோம். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. வாவியில் நீந்திய கபரகொய்யாவைப் பார்த்துச் சிரித்த பையன், "அப்ப எல்லாம் சும்மாவா சேர்?" என்று கேட்டான். இல்லை மகன், இனித்தான் கதை என்றோம்.

அடுத்த அரை நூற்றாண்டு ஏறக்குறைய மௌனம். 1950களிலிருந்து நியூசிலாந்தின் வனவிலங்குச் சேவை தென்மேற்கு மலைகளில் தேடுதல் நடத்தியது. 1961இல் பிடித்த ஐந்து பறவைகளில் நான்கு சில மாதங்களுக்குள் இறந்துவிட்டன. 1970களில் செங்குத்தான மலைப் பள்ளத்தாக்குகளில் சில பறவைகள் உயிரோடிருப்பது தெரிந்தது. 1977 அளவில் சுமார் 18 பறவைகள். எல்லாமே ஆண். பெண் பறவை ஒன்றுகூட இல்லை. இனம் நடமாடுகிறது, ஆனால் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

1975இல் அந்தப் பள்ளத்தாக்குகளில் ஓர் ஆண் பறவையைப் பிடித்து மோட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பறவைக்கு அவர்கள் வைத்த பெயர் ரிச்சர்ட் ஹென்றி. தோற்றுப்போனவர் என்று உலகம் மறந்த மனிதரின் பெயர்.

1977இல் தெற்கே ஸ்டுவர்ட் தீவில் ஒரு நற்செய்தி கிடைத்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட காகாப்போக்கள் வாழ்வதற்கான அடையாளங்கள் தென்பட்டன. அந்தத் தீவில் ஸ்டோட் இருக்கவில்லை. 1980இல் பெண் பறவைகளும் கிடைத்தன. பல பத்தாண்டுகளின் பின் மனிதக் கண் பார்த்த முதல் பெண் காகாப்போக்கள் அவை.

ஆனால் அங்கே பூனைகள் இருந்தன. மனிதர் கொண்டுவந்து, பின் கைவிட்டுக் காட்டில் திரிந்த பூனைகள். அவதானிப்பில் வைத்திருந்த வளர்ந்த பறவைகளில் ஆண்டொன்றுக்குப் பாதிக்கும் மேற்பட்டவை பூனைகளால் கொல்லப்படுவது தெரியவந்தது. இந்த வேகத்தில் போனால் ஒருசில ஆண்டுகளில் எதுவும் மிஞ்சாது. ஆகவே டொன் மேர்ட்டன் முதலான பாதுகாவலர்கள் ஹென்றி எடுத்த அதே முடிவை எடுத்தார்கள்: பிடித்துத் தீவுக்கு மாற்றுவோம். இம்முறை தீவைத் தேர்ந்தெடுத்த விதம் மட்டும் வேறு. கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பிராணி நீந்தி வரலாம், ஏற்கனவே என்ன இருக்கிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். 1982 முதல் ஸ்டுவர்ட் தீவின் அறுபதுக்கு மேற்பட்ட பறவைகளைக் கொட்ஃபிஷ் தீவு, லிட்டில் பேரியர் தீவு, மோட் தீவு என்று பிரித்து மாற்றினார்கள்.

இதிலும் பாடம் படிக்க வேண்டியிருந்தது. கொட்ஃபிஷ் தீவு சுமார் 1400 ஹெக்டயர் பரப்புடையது. அங்கே பூனையும் ஸ்டோட்டும் இல்லை. ஆனால் சின்னப் பசிபிக் எலி இருந்தது. அது வளர்ந்த பறவையைத் தொடாது. தாய் இரை தேடப் போன இரவில் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். பறவைகள் சாகவில்லை, ஆனால் பெருகவும் இல்லை. 1995இல் எண்ணிப் பார்த்தபோது உலகம் முழுவதும் 51 காகாப்போக்கள்தான் எஞ்சியிருந்தன. நமது ஒரு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை விடச் சற்றே கூடுதல்.

1998இல் பறவைகளைத் தற்காலிகமாக வேறு தீவுக்கு மாற்றிவிட்டு, கொட்ஃபிஷ் தீவின் எலிகளை முற்றாக ஒழித்தார்கள். பின்பு பறவைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பெயர், முதுகில் ஒரு சிறு வானொலிக் கருவி. கூட்டருகே இரவு முழுவதும் காவல். தாய் வெளியே போனால் முட்டை குளிராமல் சூடு காட்டுவதற்கு ஆள். மேலதிக உணவும் கொடுத்தார்கள். அதிலும் ஒரு பிழை தெரியவந்தது: நன்றாக உண்டு கொழுத்த தாய்க்கு ஆண் குஞ்சுகளே கூடுதலாகப் பிறந்தன. ஏற்கனவே ஆண்கள் அதிகம். ஆகவே தாயின் எடையைப் பார்த்து உணவை அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். பிழையை மறைக்காமல் எழுதி வைத்ததால் அடுத்த முறை திருத்த முடிந்தது. ஹென்றி விட்டுச் சென்ற பழக்கம் அது.

2002ஆம் ஆண்டுப் பருவத்தில் 24 குஞ்சுகள் தேறின. 2019இல் எழுபதளவு குஞ்சுகள் வளர்ந்தன. அதே ஆண்டில் பூஞ்சண நோய் வந்து ஒன்பது பறவைகளைக் கொண்டுபோனதும் உண்மை. 2022இல் எண்ணிக்கை 252ஐத் தொட்டது. 51இலிருந்து 252. ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ரிச்சர்ட் ஹென்றி என்ற அந்தப் பறவை என்ன ஆனது? பெருநிலத்திலிருந்து மீட்ட பறவைகளில் அது ஒன்றே எஞ்சியது. ஸ்டுவர்ட் தீவுப் பறவைகள் எல்லாம் நெருங்கிய உறவு. வேறு இரத்தம் அந்த ஒரு பறவையிடம் மட்டுமே இருந்தது. 1998இல் மோட் தீவில் ஃப்ளொஸி என்ற பெண் பறவையோடு சேர்ந்து மூன்று குஞ்சுகள் கிடைத்தன. 2010 டிசம்பரில் முதுமையால் அது இறந்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கலாம் என்று கணித்தார்கள். அப்படியானால் ஹென்றி என்ற மனிதர் உயிரோடிருந்த காலத்திலோ, அதை ஒட்டியோ முட்டையிலிருந்து வெளிவந்த பறவை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டஸ்கி சவுண்டில் அங்கர் தீவு என்று ஒன்று உண்டு. ஹென்றி வீடு கட்டி வாழ்ந்த அதே கடற்பகுதி. அங்கே ஸ்டோட்டை ஒழித்துவிட்டு 2005இல் காகாப்போக்களைக் கொண்டு விட்டார்கள். 2016இல் அங்கே குஞ்சுகள் பொரித்தன. ஹென்றி காகாப்போக்களைப் படகில் ஏற்றிச் சென்ற அதே கடலோரத்தில் இன்று மீண்டும் காகாப்போவின் முரசொலி கேட்கிறது.

ஒவ்வொரு தீவும் நிரம்பிக்கொண்டு வருவதால் இப்போது இடம்தான் பிரச்சினை. 2023 ஜூலையில் நான்கு ஆண் பறவைகளைப் பெருநிலத்தில் மௌங்கதவ்தரி என்ற மலையில் விட்டார்கள். சுற்றிவர எலியும் நுழைய முடியாத நீண்ட வேலி. அங்கும் சில பறவைகள் வேலியைத் தாண்டிவிட்டன. மறுபடியும் பாடம், மறுபடியும் திருத்தம். அரசோடு மாவோரி மக்களின் ஙாய் தஹு குலத்தாரும் இந்த வேலையில் சம பங்காளிகளாக நிற்கிறார்கள். அந்தப் பறவை அவர்களுக்கு மூதாதையர் விட்டுச் சென்ற அமானிதம்.

சரி, கண்டியில் இருக்கும் நமக்கு இதனால் என்ன?

முதலாவது, புகலிடம் என்ற சொல் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான் என்று வரலாறு சொல்கிறது. மனிதரையும் பறவையையும் நாம் ஒப்பிட வரவில்லை. ஆனால் புகலிடம் என்றால் என்ன என்று அந்த வரலாறு நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. மலையும் காடும் மகாவலியும் மட்டும் இருந்திருந்தால் அது புகலிடம் ஆகியிருக்காது. பொறுப்பேற்று வாசலில் நிற்க ஒருவன் இருந்ததால்தான் ஆனது. ரெசலூஷன் தீவுக்கும் கொட்ஃபிஷ் தீவுக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே. கடல் இரண்டுக்கும் இருந்தது. இரண்டாவதில் ஒவ்வோர் இரவும் காவல் இருந்தது.

இரண்டாவது, நம் நகரத்தின் நடுவிலும் ஒரு தீவு இருக்கிறது. வாவியின் நடுவில் உள்ளதைச் சொல்லவில்லை. உடவத்தகெலேயைச் சொல்கிறோம். 1856இல் ஒதுக்கக் காடாகி, 1938இல் சரணாலயமான 104 ஹெக்டயர் காடு. சுற்றிவர வீடு, கடை, பாதை என்ற கடல். கிளிகள் அங்கே உண்டு. இலங்கைக்கு மட்டுமே உரிய கிளி வகையும் அவற்றுள் அடங்கும். வடக்கில் குளிர் தொடங்கியதும் வந்து, தரையில் இலைகளைக் கிளறி இரை தேடும் ஆறுமணிக் குருவியும் அங்கே உண்டு. காடு சரணாலயம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. பூனைக்கு வாசிக்கத் தெரியாது.

தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிசின் மரமொன்று அந்தக் காட்டுக்குள் பரவி, நம் மண்ணின் கன்றுகளுக்கு இடமில்லாமல் செய்துவருகிறது. அதுவும் யாரோ ஒருவர் நல்லது என்று நினைத்துக் கொண்டுவந்ததுதான்.

பக்கத்துக் கேகாலை மாவட்டத்தையும் பாருங்கள். மாவனல்லையைத் தாண்டிப் போகும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது, கலபிட்டமடப் பக்கத்தில் ஒரு சிறு ஓடையில் பண்டுல என்ற பெயர் சூட்டிய சிறு மீன் வாழ்கிறது. 1991இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒரே ஓடை. அது கெட்டால் மீன் இல்லை. அதனால் அந்த மீனையும் வேறு ஓடைகளில் விட்டுப் பெருக்க நம் நாட்டு ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். காகாப்போவுக்குத் தீவு, இதற்கு இன்னோர் ஓடை. அதற்கும் காவல் வேண்டும், அந்த ஓடையோரத்து மக்களின் காவல்.

மூன்றாவது விடயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. கோபிக்காதீர்கள். பூனையை நாம் நேசிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பூனையின் மேல் வைத்திருக்கும் பாசம் நல்ல பாசம். ஆனால் குட்டிகள் கூடிப்போனால் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டோரத்தில் விட்டுவிட்டு வரும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கொல்லவில்லையே, அல்லாஹ் அதற்குரிய உணவைக் கொடுப்பான் என்று நம் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். ஆனால் அந்தக் குட்டி பசியில் சாகும், அல்லது கூட்டிலிருக்கும் குஞ்சுகளைத் தின்று பிழைக்கும். இரண்டிலும் நம் கை இருக்கிறது. ஸ்டுவர்ட் தீவின் பூனைகளும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. யாரோ வளர்த்துக் கைவிட்டவற்றின் பரம்பரைதான்.

ஆகவே நம் வேண்டுகோள் சின்னது. வளர்க்கும் பூனைக்கு மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்யுங்கள். இரவில் வீட்டுக்குள் வையுங்கள். குட்டி மிகுதியானால் வளர்க்க ஆள் தேடுங்கள். நம் வட்ஸ்அப் குழுமங்களில் எத்தனையோ வீணான செய்திகள் சுற்றுகின்றன, இதையும் ஒரு செய்தியாகப் போடலாம். காட்டோரம் குடியிருப்பவர்கள் மீன் தலை, இறைச்சிக் கழிவை வெளியே வீசாதீர்கள். அதுதான் நாயையும் எலியையும் அங்கே அழைக்கிறது. ஓடையோரத்தில் பொலித்தீன் எரிக்காதீர்கள். உடவத்தகெலேக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது சத்தத்தைக் குறைத்துக் கொஞ்ச நேரம் காது கொடுக்கப் பழக்குங்கள்.

இதெல்லாம் பெரிய வேலையா என்று கேட்கலாம். ரிச்சர்ட் ஹென்றி ஆறு வருடம் மழையில் படகு வலித்துத் தோற்றுப் போனார். அவர் எழுதி வைத்தது, அந்தப் பறவையை விரும்பிய அடுத்த தலைமுறையின் கையில் சேர்ந்தது. நாம் செய்வது பலன் தருமா என்பது நமக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவோம்.

வகுப்பு முடிந்து போகும்போது அந்த மாணவி மேசையருகே வந்தாள். "சேர், எங்கட வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருக்கு. உம்மா சொன்னாங்க எங்கேயாவது விடணும் என்று. நான் உம்மாட சொல்றேன்" என்றாள்.

உம்மாவும் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். மூன்று குட்டிகளுக்கு மூன்று வீடு வேண்டும். விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள். ஒன்றை நாம் எடுத்துக்கொள்கிறோம். மீதி இரண்டு.